நல்ல வானிலையில் தொங்கும் கம்பி

வீரபாகுவின் வீட்டுக்குப் பின்னால் கோபுரம் எழும்பியபோது தெருவில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கோபுரம் புதிதா என்ன? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று நிற்கும். இது கல்லில் இல்லாமல் இரும்பில் இருந்தது, கலசம் இருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டிக் கம்பி பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வாலாஜாபாத் பக்கமிருந்து வயல் வயலாகத் தாண்டி வந்த அந்த உயரழுத்த லைன், வழியில் ஒரு பெரிய மனிதரின் கல்யாண மண்டபத்தைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி, வளைந்து, நெசவாளர் தெருவின் கொல்லைப்புறமாகப் போய்ச் சேர்ந்தது. பெரிய மனிதர்களின் மண்டபத்துக்கு மேலே மின்சாரம் போனால் அவர்களுக்கு மரியாதைக் குறைவல்லவா!

லைனைப் போட்டது உயரழுத்த மின்தடக் கழகம். அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குவதால் ஊரில் லைன் ஆபீஸ் என்பார்கள்.

இனி அந்த வீட்டில் இருந்த ஒரு குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீரபாகுவும் அவர் மனைவி புவனேஸ்வரியும் உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோர்க்கிற கோர்வைச் சேலை நெய்தவர்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். தறிக்குழியில் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூல் சுற்றிய நாடாவைக் கரைக்கு வீச இன்னொருவர். கல்யாணமான மறு மாதத்திலிருந்து புவனேஸ்வரி அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடும்பம் நடத்தினாள். நாடா வீசிக்கொண்டே பேசுவாள். வீதியில் நடந்தது, நடக்காதது, நடக்க வேண்டியது எல்லாம் வரும். "வாயை மூடிக்கினு நெய்யேன்மா" என்று வீரபாகு சொன்னால், "நான் மூடினா நீ தூங்கிடுவே" என்பாள். போன வருஷம் ஒரு காலையில் நாடா கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். வலது பக்கம் போயிற்று. குரலும் போயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

போகவில்லை என்று சொன்னவள் சுகாசினி. ஸ்கூட்டியில் வந்து கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிப் பெண். வாயில் எப்போதும் ஏலக்காய் மெல்லும், படபடவென்று பேசும்.

"அங்கிள், ஆன்ட்டிக்குக் குரல் போவல. உள்ள ஒளிஞ்சுக்கினு இருக்குது. தெனம் காலைல பேச வைங்க. அவங்க இன்னா சொன்னாலும் காதுல வாங்கி அதையே திருப்பிச் சொல்லணும். கேக்குறதுக்கு ஆள் இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் பேச்சு வரும். கேக்கலன்னு வைங்க, போதும்னு விட்டுருவாங்க. விட்டுட்டா அப்புறம் திரும்பக் கொண்டாற முடியாது அங்கிள்."

அன்றிலிருந்து வீரபாகுவுக்குக் காலையில் தறி இல்லை. டீ போட்டு ஆற்றி, ஸ்பூனால் ஊட்டி, கட்டிலருகில் மண்டியிட்டுத் தன் காதை அவள் வாயருகே கொண்டுபோவார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு காற்றில் ஒரு எழுத்து. பிறகு "தண்ணி". அவர் "தண்ணி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னார். ஆடி மாதம் ஒரு நாள் அவள் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, "மீசைய வெட்டு" என்றாள். மனுஷன் கண்ணில் தண்ணீரோடு வீடு வீடாகப் போய், "என் பொண்டாட்டி என்னைத் திட்டிட்டாப்பா!" என்று சொல்லிவிட்டு வந்தார். உலகத்தில் திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆவணியில் லைனுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். வெயில் நாளில் கம்பி சாதுவாகக் கிடந்தது. ஐப்பசி மழை பிடித்தது. பிடித்த மழை விட்டது. அப்போது ஆரம்பித்தது. காய்ந்த எண்ணெயில் ஈரக் கீரையை அள்ளிப் போட்டால் வருமே ஒரு சத்தம், அது வானத்திலிருந்து வந்தது. கீரை வெந்தால் அடங்கும், இது அடங்கவில்லை. கம்பியில் ஈரம் இருக்கிறவரை, பனி இருக்கிறவரை, காலை முழுக்க ஸ்ஸ்ஸென்று இரைந்துகொண்டே இருந்தது. வீரபாகு வழக்கம்போல் காதைக் கொண்டுபோனார். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. புவனேஸ்வரியின் குரல் எவ்வளவு இருந்ததோ அதைவிட ஒரு மாற்று கூடுதலாக இருந்தது கம்பியின் குரல்.

அவர் லைன் ஆபீசுக்குப் போனார்.

அங்கே ஆனந்தகுமார் என்று ஒரு இளம் பொறியாளர் இருந்தார். நல்ல பிள்ளை. எதிரில் வந்து நிற்பவரை உட்காரச் சொல்கிற கெட்ட பழக்கம் இன்னும் அவரை விட்டுப் போயிருக்கவில்லை.

"லைன் சத்தம் போடுதுங்க சார்."

"லைன் சத்தம் போடாதுங்க. அது கொரோனா."

வீரபாகுவின் கை தானாக மேல்துண்டை எடுத்து மூக்கை மூடியது. இது அந்தக் காய்ச்சல் இல்லை, கம்பிக்கு வருவது என்று ஆனந்தகுமார் பொறுமையாக விளக்கினார். "வோல்டேஜ் ஜாஸ்தி. கம்பி ஒல்லி. ஒல்லியான கம்பியைச் சுத்தி இருக்கிற காத்து அழுத்தம் தாங்காம உடையுது. ஈரம் பட்டா இன்னும் மோசம். கம்பியில தொங்குற ஒவ்வொரு சொட்டும் ஒரு ஊசி முனை மாதிரி. அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேக்குது. கொஞ்சம் கரண்டும் வீணாப் போகும்."

"தடியான கம்பி போட்டா?"

"உடையாது."

வீரபாகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு கம்பியைப் பக்கத்துப் பக்கத்துல போட்டாலும் உடையாது. காலேஜ்ல முதல் பாடமே அதுதான்."

"அப்போ ஏன் சார் போடல?"

ஆனந்தகுமார் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இந்த லைனை நல்ல வானிலைக்குன்னு டிசைன் பண்ணியிருக்காங்க."

மழைக்கு இந்தச் செய்தியை யாராவது சொல்லியிருக்கலாம். வீரபாகு எழுந்துகொள்வதைப் பார்த்து ஆனந்தகுமாருக்கே மனசு கேட்கவில்லை. "கவலைப்படாதீங்க. புதுக் கம்பி கொஞ்ச நாள் முனகத்தான் செய்யும். வெயில் மழையெல்லாம் பட்டு மேல கறுத்துப் போச்சுன்னா தானா அடங்கிடும். ரெண்டு வருஷம் பொறுத்துக்குங்க."

கம்பிக்கு வயதாகும்வரை காத்திருக்க வேண்டுமாம். புவனேஸ்வரியின் பேச்சு அதுவரை காத்திருக்குமா என்று சுகாசினியைக் கேட்டார் வீரபாகு. அவள் ஏலக்காய் மெல்வதை நிறுத்திவிட்டு, "ரெண்டு வாரம் விட்டாலே கஷ்டம் அங்கிள்" என்றாள்.

அவர் விடவில்லை. திரும்பத் திரும்பப் போய் நின்றார். கடைசியில் ஒலியை அளக்க நேரில் வருவதாக ஆபீசில் நாள் குறித்தார்கள். ஒரு நிபந்தனை இருந்தது. ஒலிமானி நனையக் கூடாது; கழகத்தின் சொத்து. அதனால் மழை இல்லாத, பனி இல்லாத, கம்பி காய்ந்திருக்கிற நாளாகத்தான் வருவார்கள். சத்தம் ஈரத்தில்தானே வருகிறது என்று வீரபாகு கேட்டதற்கு, "ஈரத்துல வர்ற சத்தத்தைக் காஞ்ச நாள்ல அளக்கிறதுதான் முறை" என்று பதில் வந்தது. முறை என்று சொன்ன பிறகு என்ன பேசுவது? தலையாட்டிவிட்டு வந்தார்.

வந்தவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. "நாளைக்கு நம்ம தெருவுக்கு ஆபீசர் வர்றாருப்பா" என்று நாலு பேரிடம் வாயை விட்டார். போதாதா? காஞ்சிபுரத்தில் காரிலிருந்து இறங்குகிற எவரும் தறி பார்க்கத்தான் இறங்குவார் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. கலெக்டர் வந்தாலும் அப்படித்தான், வெள்ளைக்காரன் வந்தாலும் அப்படித்தான். வழி தெரியாமல் வந்த கார்க்காரனுக்குக்கூடத் தறியைக் காட்டி, நாடாவைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்க வைத்துத்தான் அனுப்புவார்கள். மறுநாள் பளிச்சென்ற வெயிலில் ஆனந்தகுமார் ஜீப்பிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தார். தெருவில் இருந்த அத்தனை தறியும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. அவருக்கு மரியாதை!

மேலே கம்பி பூனைபோல் தூங்கியது. கீழே தடக்கு தடக்கென்று தெருவே அதிர்ந்தது. ஒலிமானியில் எண் ஏறிக்கொண்டே போனது. "நிறுத்துங்கப்பா, சாமி, நிறுத்துங்க!" என்று வீரபாகு வீடு வீடாக ஓடினார். ஒரு வீட்டில் நிறுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் முதல் வீட்டில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். "ஆபீசர் நம்ம வூட்டுப் பக்கம் திரும்புறாருபா, நீ இன்னா குறுக்க வர்றே?" என்று அவரைத்தான் விரட்டினார்கள். மூலை வீட்டுக் குப்புசாமி ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து ஆனந்தகுமாருக்குப் போர்த்தினார். அந்தப் பொன்னாடையோடுதான் ஆனந்தகுமார் வீட்டுக்குள்ளே வந்து புவனேஸ்வரியின் கட்டிலருகில் நின்றார்.

பாதிக்கப்பட்ட ஒலியையும் அளக்க வேண்டுமாம். மீட்டரை அவள் வாயருகே பிடித்து, "ஏதாவது பேசுங்கம்மா" என்றார்.

புவனேஸ்வரி அவரையும் பொன்னாடையையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு அசைந்தது. மீட்டர் அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா..."

"சாப்ட்டியான்னு கேக்குது சார்" என்றார் வீரபாகு. ஆனந்தகுமாருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாப்பிட்டேன்மா என்று சொல்லிவிட்டு, மீட்டரில் தெரிந்ததை எழுதிக்கொண்டு போனார். அவருடைய வேலை அதுதான்.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. தெருவில் ஒலி வரம்பை மீறியிருப்பது உண்மை. அதற்குக் காரணம் தறிகள். அவை கழகத்தின் உயரழுத்த லைனின் அமைதிக்குப் பங்கம் விளைவிக்கின்றன. ஆகவே நெசவாளர்கள் தறியை மழை நாட்களில் மட்டும் ஓட்ட வேண்டும். மழை நாளில் பாவு நூல் ஈரம் குடித்துவிடும், தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும், அன்றைக்கு எந்தத் தறியும் ஓடாது என்பதைக் கழகத்துக்கு யார் சொல்வது? இன்னொன்றும் இருந்தது. புகார்தாரரின் மனைவியுடைய குரல், மனிதக் குரலுக்கு நிர்ணயித்த தரத்தில் பாதிகூட இல்லை. குறைபாடு குரலில் இருக்கும்போது கம்பியைக் குறை சொல்வது முறையல்ல. குரலைத் தர அளவுக்கு உயர்த்திக்கொண்டு, பிறகும் கேட்கவில்லையென்றால் அணுகவும்.

குப்புசாமி நாலு நாள் வீரபாகுவோடு பேசவில்லை. தறிக்கு நோட்டீஸ் வாங்கிக் கொடுத்தவன் என்று தெருவில் அவருக்குப் பெயர் ஆயிற்று.

மேல்முறையீட்டில் தலைமைப் பொறியாளர் வெங்கடேசனே விசாரித்தார். பெரிய அறை. பெரிய மேசை. மேசைமேல் சிவப்பு வெல்வெட் விரித்து, முகூர்த்தப் பட்டு எடுக்கிற கடையில் வைப்பதுபோல் மூன்று கம்பித் துண்டுகளை வைத்திருந்தார்கள். ஒன்று தடி, ஒன்று ஜோடி, ஒன்று ஒல்லி. வெங்கடேசன் மனைவிக்கும் காஞ்சிபுரத்திலிருந்துதான் பட்டு வரும் என்பதால் நெசவாளர்கள்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

"நீங்களே சொல்லுங்க வீரபாகு. இதுல எது நல்ல கம்பி?"

வீரபாகு பயந்துகொண்டே தடியானதைத் தொட்டார்.

"கரெக்ட்! அதுதான் நல்லது. குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனாலதான் அதை எடுக்கல" என்று ஆரம்பித்தார் வெங்கடேசன். "கம்பித் தேர்வுக் குழுன்னா நல்லதைத் தேர்ந்தெடுக்கிற குழுன்னு வெளியில நினைக்கிறாங்க. தப்பு. தேர்ந்தெடுத்ததை நல்லதுன்னு நிரூபிக்கிறதுதான் எங்க வேலை. யோசிச்சுப் பாருங்க. மழையைக் கணக்குல எடுத்தா கம்பி தடிக்கும். கம்பி தடிச்சா கனம் ஏறும், கோபுரம் தடிக்கும். கோபுரம் தடிச்சா செலவு தடிக்கும், அப்புறம் மேலேருந்து கேள்வி வரும். மழையைக் கணக்குல எடுக்கலைன்னா யாரு கேக்கப் போறா? மழை வந்து கேக்குமா? முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒருத்தர்கிட்டேயும் ஒரு கேள்வியும் வாங்கினதில்லை. அந்த லைனுக்கு இந்த வருஷம் சிக்கனத்துக்கான விருது கொடுத்திருக்காங்க, தெரியுமா உங்களுக்கு?"

"சார், என் சம்சாரம் பேசுறது கேக்க மாட்டேங்குது சார்."

"அது எனக்குப் புரியுது. எங்க வீட்ல பேசறது எனக்கும்தான் கேக்கறதில்லை." அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் அது என்று நினைத்து வீரபாகுவும் சிரித்தார். வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து, தான் எதற்காகச் சிரித்தோம் என்று யோசித்து யோசித்து அவமானத்தில் வெந்துபோனார்.

அன்றைக்குப் பார்த்து மழை. மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது, கம்பி இரைந்துகொண்டிருந்தது. அவர் டீ ஊட்டிவிட்டுக் காதைக் கொண்டுபோனார். புவனேஸ்வரிக்கு ஏதோ பெரிய விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. கழுத்து நரம்பு புடைக்க, மூச்சைச் சேர்த்துச் சேர்த்து, நிறைய நேரம் பேசினாள். அவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை. ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. "இன்னாமா?" என்றார். அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். "இன்னா?" மறுபடி சொன்னாள். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது அவளுக்கு. பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால் வீரபாகு கேட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "சரிமா, சரி, சரி" என்று தலையாட்டினார்.

புவனேஸ்வரி அவரையே பார்த்தாள். நாற்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தவள். அந்த மனுஷன் எப்போது பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா? இடது கையை மெதுவாகத் தூக்கி, சொல்லு பார்க்கலாம் என்பதுபோல் விரலை ஆட்டினாள். நான் என்ன சொன்னேன்?

அவர் வாயைத் திறந்தார். ஜன்னல சாத்தணுமா என்றார். இல்லை. கால் வலிக்குதா? இல்லை. சுகாசினி வரலியான்னு கேட்டியா? அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு புவனேஸ்வரி பேசவில்லை. வெயில் அடித்த காலையிலும் பேசவில்லை. சுகாசினி வந்து, கொஞ்சி, மிரட்டி, கன்னத்தைத் தடவி, தாடையைப் பிடித்துப் பார்த்தாள். "நரம்புல புதுசா ஒண்ணும் கெடல அங்கிள். அவங்களா நிறுத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை உதைக்காமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனாள்.

கார்த்திகை நடுவில் ஒரு காலை. விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆனந்தகுமார் தலைக்கவசம் சொட்டச் சொட்ட, மீட்டரைச் சட்டைக்குள் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு பைக்கில் வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"சார், உங்களுக்காகச் சண்டை போட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். இன்னிக்குப் பராமரிப்புக்கு லைனை நிறுத்தறாங்க, கால் மணி நேரம். லைன் இல்லாதப்போ உங்க வீட்ல எவ்வளவு சத்தம் இருக்குன்னு அளக்கணும். பின்னணி ஒலின்னு பேரு. அது குறைவுன்னு காமிச்சிட்டா, மிச்சமெல்லாம் லைன் போடுற சத்தம்தான்னு நிரூபிச்சிடலாம். கம்பியை மாத்தச் சொல்லி நானே எழுதறேன்."

மீட்டரைக் கட்டிலுக்கும் தறிக்கும் நடுவில் ஒரு ஸ்டூலின்மேல் வைத்தார். லைன் இரைகிறபோது உள்ள அளவைக் குறித்துக்கொண்டு, போனில் யாரிடமோ பேசினார். மழை ஈரத்தால் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. சட்டென்று மேலே அந்த இரைச்சல் நின்றது.

என்ன அமைதி! ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விட்ட காலையில் அப்படி ஓர் அமைதி அந்த வீட்டில் இல்லை. எங்கோ யாரோ குழாயைத் திருகுவது கேட்டது. ஓட்டிலிருந்து ஒரு சொட்டு விழுவது கேட்டது. வீரபாகு ஓடிப்போய்க் கட்டிலருகில் மண்டியிட்டார்.

"புவனா, இப்போ சொல்லு. இப்போ கேக்கும். லைன நிறுத்திட்டாங்க பாரு. அன்னிக்கு இன்னாவோ சொன்னியே, அத்த சொல்லு. ஒரே ஒரு வாட்டி சொல்லுமா. ஒரு வார்த்த போதும். என்னத் திட்டு. எது வேணா சொல்லு, நான் கேட்டுக்கினு இருக்கேன்."

அவர் காது அவள் உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. உதடு அசையவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தபோது புவனேஸ்வரி அவரைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள். கேட்டதாகக் காட்டிக்கொள்கிறவர்கள் ஆட்டுவார்களே, அந்தத் தலையாட்டல். சரி, சரி.

வீரபாகு உடைந்துபோனார். துண்டை வாயில் திணித்தும் அடங்கவில்லை. கட்டில் சட்டத்தில் தலையை வைத்துக்கொண்டு, ஆம்பிளை என்று பார்க்காமல், பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்று பார்க்காமல், ஓவென்று அழுதார்.

"சார்" என்றார் ஆனந்தகுமார் மெதுவாக. "சார், ப்ளீஸ். ரீடிங் ஏறுது."

வீரபாகுவால் நிறுத்த முடியவில்லை. ஆனந்தகுமார் மீட்டரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அந்த மனுஷனின் முதுகைப் பார்த்தார். தோளைத் தொடக் கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டார். கொடுத்திருந்த நேரம் முடியப் போகிறது. முறைப்படி, மீட்டரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். எழுதினார். லைன் ஓடாதபோது அந்த வீட்டில் உள்ள இரைச்சல், லைன் ஓடும்போது உள்ளதைவிட அதிகம். கம்பியால் கூடுதல் ஒலி ஏதுமில்லை. எழுதி முடித்துவிட்டு மீட்டரை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் போனை எடுத்து, "முடிஞ்சுது சார். லைனைக் கொடுத்துடுங்க" என்றார்.

கொடுத்தார்கள். ஈரக் கம்பி மறுபடியும் இரைய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வீரபாகு அழுதது, கையெட்டும் தூரத்தில் படுத்திருந்த புவனேஸ்வரிக்கும் கேட்கவில்லை.